கப்பலில் போட்டு வந்த நகை

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தை சிலோன்காரர்கள் பெரட்டுக்களம் என்பார்கள். அங்கே வைத்துத்தான் சூப்பர்வைசர் அந்தப் பழுப்பு உறையை உயர்த்திப் பிடித்து, "காத்தமுத்து சம்சாரம் தெய்வம்மா யாரு?" என்று கேட்டார். தெய்வம்மா வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவள்தான் அவளை முன்னால் தள்ளிவிட்டாள். சர்க்கார் கடுதாசி என்றால் சொந்தப் பெயரே மறந்து போகிற ரகம் அவள். அவள் என்ன, கோத்தகிரிப் பக்கத்து அந்த அரசாங்கத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற, சிலோனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட சனம் மொத்தமும் அந்த ரகம்தான்.

சூப்பர்வைசரே உறையைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். ஊட்டி வருமான வரி ஆபீசிலிருந்து வந்திருக்கிறது. 1974-ஆம் வருஷம் வீரையா என்பவருக்குத் தெய்வம்மா பரிசாகக் கொடுத்த முப்பது பவுன் நகையைப் பற்றி விசாரிக்க வேண்டும், வருகிற புதன்கிழமை காலையில் நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

முப்பது பவுன் என்றதும் கூடையை மாட்டிக்கொண்டு நின்ற அத்தனை பெண்களும் தெய்வம்மாவின் கழுத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒரு மஞ்சள் கயிறு கிடந்தது. யாரோ சிரித்தார்கள்.

"போகாட்டி என்னாங்க செய்வாங்க?" என்று தெய்வம்மா கேட்டாள்.

"சட்டப்படி நடவடிக்கைன்னு போட்டிருக்குதும்மா."

"அப்புடின்னா என்னாங்க?"

"எனக்கென்னம்மா தெரியும்" என்று அவர் கடிதத்தை அவள் கையில் திணித்துவிட்டு ஆள் எண்ணப் போய்விட்டார். எமர்ஜென்சி நடக்கிற காலம். படித்தவர்களே அந்த நாட்களில் இரண்டு பேர் கூடினால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இந்தப் பெண்ணுக்கு விளக்கம் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து?

ஒரு கடிதத்துக்கு இத்தனை நடுக்கமா என்று கேட்பவர்களுக்கு மேசைக்கு முன்னால் நின்று பதில் சொன்ன அனுபவம் இல்லை என்று அர்த்தம். தெய்வம்மாவுக்கு அது உண்டு. சிலோனில் கச்சேரி என்று சொல்லும் அரசாங்க ஆபீசுக்கு அவர்கள் குடும்பத்தை ஒருநாள் கூப்பிட்டார்கள். இங்கேயே இருக்கிறீர்களா, இந்தியாவுக்குப் போகிறீர்களா என்று குமாஸ்தா கேட்டார். காத்தமுத்து, துரையிடமும் கங்காணியிடமும் சொல்லிப் பழகியதையே அங்கேயும் சொன்னான்: "ஐயா பாத்து எதப் போட்டாலும் சரிங்க." ஐயா பார்த்து இந்தியா என்று போட்டார். அவ்வளவுதான். அடுத்த வரிசையில் தெய்வம்மாவின் தம்பி பரமசிவன் நின்றான். அவனை விசாரித்தவர் வேறொரு குமாஸ்தா. "இங்கயே இருக்கோம்" என்று அவன் சொல்லிவிட்டான். அக்காள் கடல் தாண்டினாள், தம்பி அங்கேயே நின்றுவிட்டான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு தேசமாகப் போனதற்கு ஒரு வாய்ப் பேச்சுதான் காரணம்.

அதனால்தான் பதில் என்றாலே அவளுக்குப் பயம். பதில் தப்பாகப் போனால் குடும்பம் பிரியும் என்பது அவள் கண்ட உண்மை. இப்போது பிரிவதற்கு அவளிடம் ஒரே ஒரு ஆள் இருக்கிறாள். மகள் சுசீலா. போன வருஷம் பிக்கட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். மருமகனும் சிலோன்காரன்தான், ஆனால் சிலோன் குடும்பங்களுக்குச் சர்க்கார் கொடுத்த கார்டுகளில் அவனுடையது வேறு கார்டு. கல்யாணத்துக்குப் பிறகு சுசீலாவின் பெயர் அந்தக் கார்டுக்குப் போய்விட்டது. அவளுக்கு இது நிறைமாசம்.

நகை விஷயத்துக்கு வருவோம். வீரையா சிலோனில் அவர்கள் தோட்டத்து ஓரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தெய்வம்மாவை அந்தக் காலத்தில் அவர் "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு குடும்பமும் ஒரே கப்பலுக்கு வந்து சேர்ந்தன. ஒரு குடும்பம் இவ்வளவு நகைக்கு மேல் கொண்டு போகக் கூடாது என்று அந்த நாட்டில் ஒரு கண்டிப்பு இருந்தது. வீரையாவின் சம்சாரம் மேல் அந்த அளவு ஏறியாகிவிட்டது. மீதி முப்பது பவுனை என்ன செய்வது? தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முன்னால் வீரையா கூட்டத்தில் தேடிக்கொண்டு வந்து, "தங்கச்சி" என்றார். அன்றைக்குத்தான் அவள் அவருக்குத் தங்கச்சி ஆனாள்.

அப்படிச் செய்வது அந்தச் சனங்களுக்குள் பெரிய காரியமே இல்லை. பொட்டு நகை இல்லாதவர்கள்தான் பாதிப் பேர். இருக்கிறவர்களின் சங்கிலியையும் வளையலையும் இல்லாதவர்கள் போட்டுக்கொண்டு வந்து, இந்தியக் கரையில் இறங்கியதும் மண்டபம் முகாமில் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்குப் பாய் இரவல் கொடுப்பது மாதிரி. தெய்வம்மாவும் அட்டிகை, இரட்டைவடச் சங்கிலி, வளையல் எல்லாம் மாட்டிக்கொண்டு கடல் தாண்டினாள். தலைமன்னார் சுங்கத்தில் கேட்டதற்கு "என்னோடதுதாங்க" என்றாள். அவள் பெயரில் பதிந்துகொண்டார்கள். இறங்கிய மறுநாளே ஒரு குண்டுமணி குறையாமல் கழற்றிக் கொடுத்தாள். வீரையா அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வீரையா அந்த நகையை விற்றுக் குன்னூரில் கடை போட்டார். கடை நன்றாகவே ஓடியது. இந்த வருஷம் வருமான வரிக்காரர்கள், கடைக்குப் போட்ட முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டார்கள். அவர் செய்த காரியம்தான் வேடிக்கை. நகை என் சம்சாரத்துடையது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சர்க்கார் பதிவில் அது தெய்வம்மாவுடையதாக இருக்கிறதே? சுங்கத்தில் பொய் சொன்னது வெளியே வந்துவிடுமே? ஆகவே தெய்வம்மா எனக்குப் பரிசாகக் கொடுத்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு தோட்டத்துக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். சொல்லும்போது அந்தக் குளிரிலும் அவருக்கு நெற்றி வியர்த்தது.

"ஒனக்கு ஒண்ணும் வராது தங்கச்சி. என்னோடது, நாந்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். என்ன சொல்றதுன்னு குன்னூர்ல ஒரு ஐயா சொல்லித் தருவாரு. வா, போயிட்டு வந்துருவோம்."

காத்தமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தெய்வம்மா கிளம்பினாள்.

குன்னூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் பாலசுப்பிரமணியம் என்கிற கோயமுத்தூர்க்காரர் வரிக் கணக்கு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் காசு இல்லாமல் கேள்வி கேட்கலாம். அதனால் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். தெய்வம்மா பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கதவோரம் நின்றாள்.

சோலூரிலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, கிழங்கு வித்த காசுக்கு வரி உண்டுங்களா?"

"உங்க நெலத்துல வெளஞ்ச கிழங்குங்களா?"

"ஆமாங்க."

"அப்ப இன்கம் டாக்ஸ் இல்லீங்க. ஊர்க்காரங்க கிழங்கை வாங்கி மேட்டுப்பாளையத்துல வித்தீங்கன்னா அது யாவாரம். அதுக்கு உண்டு."

ஒரு ஜவுளிக்கடைக்காரர், சம்சாரம் பேரில் கடையை எழுதி வைத்தால் வரி குறையுமா என்று கேட்டார்.

"எழுதி வெக்கலாமுங்க. ஆனா அந்தக் கடையில வர்ற வருமானத்தை உங்க வருமானமாத்தான் சேப்பாங்க."

"அப்பறம் எதுக்குங்க எழுதி வெக்கோணும்?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர் மகள் கல்யாணத்துக்குப் போடும் நகைக்குப் பரிசு வரி உண்டா என்றார். ஒரு அளவு வரைக்கும் விலக்கு இருக்கிறது என்று பாலசுப்பிரமணியம் சொன்னார். மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற ஸ்கூட்டருக்கும் விலக்கு உண்டா என்று கேட்டார் வந்தவர். "மாப்பிள்ளை உங்க மகள் இல்லீங்களே" என்று பாலசுப்பிரமணியம் சொன்னதும் மறுபடி சிரிப்பு.

தெய்வம்மா இதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கார் விஷயத்தைக் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, கத்திரிக்காய் விலை கேட்பது மாதிரி கேட்கிறார்களே! இவர்களை ஒருவரும் எங்கேயும் அனுப்ப முடியாது போலிருக்கிறது என்று நினைத்தாள். பொறாமையாகக் கூட இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பாலசுப்பிரமணியம் அவளை உட்காரச் சொன்னார். அவள் பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா. ஆபீசரு கேக்கறதை நான் கேக்கறேன். நீங்க சொல்லிப் பழகிக்கோங்க. இந்த நகை யாரோடதுங்க?"

"என்னோடதுங்க."

"உங்களுக்கு எப்படி வந்துது?"

தெய்வம்மா வீரையாவைப் பார்த்தாள். வீரையா, "எங்கம்மா போட்டது" என்று மெல்லச் சொன்னார்.

"எங்கம்மா போட்டதுங்க." அவளுடைய அம்மா செத்தபோது காதில் ஈர்க்குக்குச்சிதான் இருந்தது.

"எதுக்குக் குடுத்தீங்க?"

"அது... என்னான்னு சொல்லணுங்க?"

"பிரியத்துல குடுத்தேன்னு சொல்லுங்க. சட்டத்துல அப்படித்தானுங்க வரும். கைம்மாறு எதிர்பாக்காம, அன்பு பிரியத்துல குடுத்தது."

"பிரியத்துல குடுத்தேங்க" என்றாள் தெய்வம்மா. வீரையா தலையைக் குனிந்துகொண்டார். நாலைந்து தரம் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு தரமும் குரல் இன்னும் கீழே போனது. நிஜமா பொய்யா என்று பாலசுப்பிரமணியம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் தொழில் பண்ண முடியாது. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் தன் வேட்டியில் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர்.

கடைசியில் தெய்வம்மாவே ஒரு கேள்வி கேட்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்ட கேள்வி அது.

"ஐயா, வரின்னா அத யாருங்க கட்டணும்? வாங்கினவங்கதான?"

பாலசுப்பிரமணியம் வீரையாவை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க சொல்லலீங்களா?" என்றார். பிறகு அவளிடம், "இல்லீங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. பரிசு வரிங்கறது குடுத்தவங்க கட்டறது" என்றார்.

"பணத்த நாங் கட்டிர்றேன் தங்கச்சி, ஒரு சல்லி ஒனக்குச் செலவு வராது" என்று வீரையா அவசரமாகச் சொன்னார்.

"பணத்தச் சொல்லலங்க. முப்பது பவுன் வச்சிருந்தவ எதுக்குத் திக்கில்லாத குடும்பம்னு சொல்லித் தோட்டத்துல வேலையும் வீடும் வாங்குனன்னு கேப்பாங்கல்ல?"

பாலசுப்பிரமணியம் பேனாவை மூடினார். "அதுவும் கேக்கலாமுங்க" என்றார்.

கீழே இறங்கித் தெருவுக்கு வந்ததும் தெய்வம்மா நின்றுவிட்டாள். "நான் உள்ளதச் சொல்லிர்றேண்ணே" என்றாள்.

வீரையாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. "கெடுத்திராத. கப்பல்ல பொய் சொன்னோம்னு தெரிஞ்சா ரெண்டு பேரு கார்டையும் பிடுங்கிருவாங்க. கார்டு போச்சுன்னா அப்புறம் நாம யாரு? மறுபடி கப்பல்தான். ஒம் மக வேற கார்டு. அவ இங்க இருப்பா, நீ அங்க இருப்ப. புள்ள மொகத்தக்கூடப் பாக்க மாட்ட." மிரட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கே அது நிச்சயமாகத் தோன்றியது, பாவம்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நகை என்னுடையது என்றால் வேலையும் வீடும் போகும். என்னுடையது இல்லை என்றால் கார்டு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுசீலாவை விட்டுப் போவதில்தான் வந்து நின்றது. கொழுந்து பறிக்கும்போது கை தன் பாட்டுக்குப் பறித்தது, உதடு தன் பாட்டுக்குப் "பிரியத்துல குடுத்தேங்க" என்று முணுமுணுத்தது. பக்கத்து நிரையில் இருந்தவள் இவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்து விலகிப் பறித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காத்தமுத்து கம்பளியை மடித்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். பாத்திரங்களைக் கவிழ்த்து ஒரு சாக்கில் போட்டிருந்தான்.

"என்னா செய்றீங்க?"

"எதுக்கும் கட்டி வச்சிருவோம். திடீர்னு வந்து ஏறுன்னா என்னத்தத் தேடுறது?"

அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சாக்கைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். குண்டான் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. "அன்னைக்கு வாயத் தொறந்து இங்கயே இருக்கோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந் தம்பிகூட இருந்திருப்பேன். ஐயா பாத்துப் போடுங்கன்னீங்க. இப்பயும் யாரும் சொல்றதுக்கு முந்தி மூட்ட கட்டுறீங்க" என்றாள்.

காத்தமுத்து குண்டானை எடுத்து வைத்தான். "நாளைக்கு நீ சொல்லு. நாஞ் சொன்னது வெளங்காமப் போச்சு" என்றான். அவனை ஏசியதற்காக அவளுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் என்ன சொல்வதென்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை வீரையாவும் அவளும் ஊட்டி பஸ்ஸில் போனார்கள். ஆபீசில் வீரையாவை வெளி பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஸ்வெட்டர் போட்ட நடுவயசு ஆபீசர் ஒருவர் இருந்தார். சாதாரண முகம். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஜலதோஷம்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

"உக்காருங்கம்மா. இந்த முப்பது பவுன் உங்களோடதா?"

"என்னோடதுங்க."

"எப்படி வந்தது?"

"எங்கம்மா போட்டதுங்க."

"வீரையா உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்குக் கொடுத்தீங்க?"

"பிரியத்துல குடுத்தேங்க."

படித்த பாடம் அத்தோடு முடிந்தது. ஆபீசர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்த்தார். "முழுசையும் கொடுத்துட்டீங்களா? உங்களுக்குன்னு ஒண்ணும் வச்சுக்கலையா?"

"இல்லீங்க."

"பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு மகதாங்க. பிக்கட்டியில கட்டிக் குடுத்திருக்கு."

"எப்ப கல்யாணம் ஆச்சு?"

"போன வருசங்க."

"மகளுக்கு என்ன நகை போட்டீங்க?"

பாலசுப்பிரமணியம் இதைக் கேட்டுப் பழக்கவில்லை. ஆகவே வாய் தானாகவே உள்ளதைச் சொல்லிவிட்டது. "ஒரு தோடுங்க. அரப் பவுன்ல. அதுவும் கடனுக்குங்க."

ஆபீசர் பேனாவை வைத்துவிட்டார். "கடைக்காரர் மேல முப்பது பவுன் பிரியம். பெத்த மகளுக்குக் கடன் வாங்கி ஒரு தோடு. இப்படித்தான் நான் எழுதிக்கணுமா?" என்றார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் தெய்வம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கார்டு போகட்டும், வேலை போகட்டும், கப்பல் வரட்டும். இப்படி ஒரு வாக்கியம் சர்க்கார் கடுதாசியில் எழுதிக் கிடப்பதை அவளால் தாங்க முடியாது. என்றைக்காவது ஒருநாள் யாராவது இதைச் சுசீலாவுக்கு வாசித்துக் காட்டினால்? எங்கம்மாவிடம் முப்பது பவுன் இருந்தது, எனக்குப் போடவில்லை, கண்டவனுக்குத் தூக்கிக் கொடுத்தாள் என்று அந்தப் பிள்ளை நினைத்தால்?

"எழுதாதீங்கய்யா" என்றாள். "அது என்னோடது இல்ல. எனக்குப் பொட்டு நகை கெடையாது. இருந்தா எம் மகளுக்குப் போடாம இருப்பேனா?"

அப்புறம் அவள் நிற்கவில்லை. தலைமன்னார், வீரையா சம்சாரத்தின் கழுத்து, சுங்கத்தில் சொன்ன பொய், மண்டபத்தில் கழற்றிக் கொடுத்தது, வாங்கிய சேலை, குன்னூரில் படித்த பாடம் எல்லாம் வந்துவிட்டது. அழுகையும் வந்தது. சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆபீசர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு வீரையாவைக் கூப்பிட்டார்.

வீரையா உள்ளே வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் கூப்பினார்.

"நகை உங்க சம்சாரத்தோடதா?"

"ஆமாங்கய்யா. தப்புத்தாங்கய்யா."

"வித்ததுக்கு ரசீது இருக்கா?"

"இருக்குங்க."

"பெறகு எதுக்குய்யா பரிசுன்னு எழுதிக் கொடுத்தீங்க? சொந்த நகையை வித்துக் கடை வச்சேன், இந்தா ரசீதுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். பரிசும் இல்லை, பரிசு வரியும் இல்லை. இந்த அம்மாவை இவ்வளவு தூரம் இழுத்திருக்க வேண்டாம்."

வீரையா, "சுங்கத்துல இவ பேருல இருக்குங்களே..." என்றார்.

"அது அந்த நாட்டுக் கண்டிப்புய்யா. கப்பல் ஏறினதோட போச்சு. நான் கேட்டது கடை முதல் எங்கேயிருந்து வந்ததுன்னுதான். போய் ரசீதை எடுத்துட்டு வாங்க."

வீரையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெய்வம்மாவைப் பார்த்து மறுபடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே ஓடினார். இரண்டு வருஷமாக அந்த மனிதர் பயந்தது இங்கே இல்லாத, கடலுக்கு அந்தப் பக்கத்து ஒரு சர்க்காருக்கு. தான் பயந்தது போதாதென்று அவளுக்கும் அதில் பாதியை ஏற்றி வைத்தார்.

ஆபீசர் தெய்வம்மா சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். தெய்வம்மா என்று எழுதத் தெரியும் அவளுக்கு. போட்டுவிட்டும் எழுந்திருக்கவில்லை.

"அவ்வளவுதாம்மா. நீங்க போகலாம்."

"எப்பங்கய்யா போகணும்?"

"இப்பவே போகலாமே."

அவள் முகம் வெளிறியது. "இன்னைக்கேங்களா?"

ஆபீசருக்கு அப்போதுதான் ஏதோ தட்டுப்பட்டது. "எங்கே போறதைக் கேக்குறீங்க?"

"சிலோனுக்குங்க. பொய் சொன்னதுக்கு."

அவர் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். மேசையில் முன்னால் சாய்ந்து, குழந்தைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார்: "அம்மா, இது வரி ஆபீஸ். வரியைப் பத்திக் கேப்போம், பதில் சொல்வோம். உங்களை எங்கேயும் அனுப்ப எங்களுக்கு அதிகாரம் கிடையாது. நீங்க இந்தியப் பிரஜை. உங்களை யாரும் அனுப்ப முடியாது."

"யாருமேங்களா?"

"யாரும் முடியாது."

தெய்வம்மா இதை முன்பே கேட்டிருக்கிறாள். சிலோன் தோட்டத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். மூணு தலைமுறையாக இருக்கிறீர்கள், உங்களை யார் அனுப்புவார்கள் என்று துரையே சொன்னார்.

"அப்ப அத ஒரு கடதாசியில எழுதி, சீல் போட்டுக் குடுங்கய்யா" என்றாள். "யாராச்சும் கேட்டாக் காட்டிக்கிறேன்."

ஆபீசர் பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு, எதில் எழுதுவது என்று தெரியாதவர் மாதிரி மேசையைப் பார்த்தார். அப்படி ஒரு காகிதம் எந்த ஆபீசிலும் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். பேனாவைத் திரும்ப வைத்தார்.

"அதை எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றார்.

தெய்வம்மா தலையை ஆட்டினாள். அவள் எதிர்பார்த்த பதில்தான். எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாக, "சரிங்கய்யா. மகளுக்கு இது நெறமாசங்க. பிரசவம் முடியிற வரைக்குமாச்சும் இருந்துக்கலாங்களா?" என்று கேட்டாள்.